வன்னி வானம்: வாசகர் கேள்வி பதில் – நட்சத்திரத்துக்கு ஒரு வடிகட்டி, நெபுலாவுக்கு ஒரு வடிகட்டி

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விடயத்தைப் பற்றியவை: வடிகட்டி போட்டுக் கோள்வடிவ நெபுலாவைப் படம் எடுப்பது. ஆகவே பக்கங்களை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டோம். புதிதாக வாசிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. சூரியன் போன்ற ஒரு நட்சத்திரம் தன் கடைசிக் காலத்தில் மேலுறை வாயுவை வெளியே தள்ளிவிடுகிறது. உள்ளே மிஞ்சும் சூடான கருவின் புறஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிர்கிறது. கோளுக்கும் இதற்கும் உறவில்லை. பழைய தொலைகாட்டிகளில் கோள் போலச் சிறு வட்டத் தட்டாகத் தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் இது.

கேள்வி: 150 மில்லிமீற்றர் தெறிப்புத் தொலைகாட்டி (ஆடியால் ஒளியைக் குவிப்பது), கறுப்பு வெள்ளைக் கமரா, 7 நானோமீற்றர் ஐதரசன்-அல்பா, ஒட்சிசன்-3 வடிகட்டிகள். எம் 57 வளைய நெபுலாவை மூன்று மணித்தியாலம் எடுத்தேன். வளையம் நன்றாக வந்தது. நடுவில் இருக்கவேண்டிய நட்சத்திரத்தைக் காணவில்லை. வடிகட்டியில் பிழையா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வடிகட்டி சரியாக வேலை செய்கிறது. நட்சத்திரம் மறைந்ததே அதற்குச் சாட்சி.

நெபுலாவின் ஒளி குறித்த சில அலைநீளங்களில் மட்டும் வருகிறது. இவற்றைக் கோடுகள் என்பார்கள். ஒட்சிசனின் இரு கோடுகள் 495.9, 500.7 நானோமீற்றரில் உள்ளன. ஐதரசன்-அல்பா 656.3இல். அதன் இரு பக்கமும் நைதரசன், 654.8இலும் 658.4இலும். நட்சத்திரத்தின் ஒளியோ எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. 400 முதல் 700 வரையான 300 நானோமீற்றரில் 7ஐ மட்டும் உள்ளே விட்டால், நட்சத்திர ஒளியில் 43இல் ஒரு பங்குதான் கமராவைச் சேரும். நெபுலாவின் கோடு மட்டும் பெரும்பாலும் குறையாமல் வந்துசேரும். 43இல் ஒரு பங்கு என்றால் ஏறத்தாழ 4 ஒளிப்பருமன் இழப்பு (எண் கூடக் கூட மங்கல்). எம் 57இன் நடு நட்சத்திரம் சுமார் 15.8. உங்கள் வடிகட்டிக்குப் பின்னால் அது 19.8 நட்சத்திரம் போல மங்கிவிடுகிறது. பின்னணியும் கறுப்பாக இல்லை. வளையத்தின் உட்புறம் முழுக்க ஒட்சிசனின் மெல்லிய ஒளி நிரம்பியிருக்கிறது. அந்த ஒளிக்குள் நட்சத்திரம் மூழ்கிப்போகிறது.

ஆகவே ஒரே படத்தில் இரண்டையும் பிடிக்க நினைக்க வேண்டாம். நெபுலாவுக்கு ஒரு தொகுதி, நட்சத்திரத்துக்கு வேறொரு தொகுதி எடுங்கள். நெபுலாத் தொகுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த தெளிந்த இரவில் நட்சத்திரத்துக்கு மட்டும் 15 முதல் 30 செக்கன் வரையான குறும்படங்கள் 150 எடுங்கள்.

எந்த வடிகட்டியில்? எல் வடிகட்டி எல்லாவற்றையும் விடும், ஒட்சிசன் ஒளியும் சேர்ந்தே வரும். சிவப்பில் அல்பாவும் நைதரசனும் வந்துவிடும். பெரிய கோடு எதுவும் இல்லாத இடம் 510க்கும் 580க்கும் இடையிலான பச்சை. ஆனால் பல பச்சை வடிகட்டிகள் 490இலேயே திறந்துவிடுகின்றன. பெட்டியோடு வந்த வரைபைப் பாருங்கள்: திறப்பு 505க்கு மேல் என்றால் அதுவே நல்லது. இல்லையென்றால் நீலம். பல நீல வடிகட்டிகளிலும் ஒட்சிசன் வரும். ஆனாலும் இந்த நட்சத்திரத்தின் வெப்பநிலை 100,000 கெல்வினுக்கு மேல் என்பதால் அதன் ஒளி நீலத்தில்தான் ஓங்கியிருக்கும்.

வடிகட்டியைவிடப் பெரிய விடயம் காற்று. நட்சத்திரம் ஒரு புள்ளி, உள்ளொளி ஒரு பரப்பு. காற்று கலங்கிய இரவில் நட்சத்திரப் புள்ளியின் அகலம் 4 விகலை என்று வைப்போம் (ஒரு பாகையில் 3600இல் ஒன்று விகலை). அமைதியான இரவில் அது 2 ஆகிவிட்டால் அதே ஒளி நாலில் ஒரு பங்கு இடத்தில் குவிகிறது. பரப்பொளி மாறாது. பின்னணிக்கு மேல் நட்சத்திரம் எழும்பி நிற்பது நாலு மடங்காகிறது. சோளகம் பலமாக அடிக்கும் நாட்களில் முயல வேண்டாம். பகலில் சூடேறிய மணல் தரையும் சீமெந்து முற்றமும் நடுநிசி வரை வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கும். புல்தரை நல்லது. எடுத்த 150 படங்களில் புள்ளி அகலம் குறைந்த 50ஐ மட்டும் அடுக்குங்கள். மற்றவற்றைச் சேர்த்தால் படம் மென்மையாகும், நட்சத்திரம் திரும்பவும் கரைந்துபோகும்.

பிறகு சேர்ப்பது. முதலில் எல்லா அடுக்குகளையும் ஒரே சட்டத்துக்குப் பொருத்துங்கள். நெபுலாப் படத்தை அதற்கு வேண்டிய அளவு தூக்குங்கள் (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்குவதுதான் தூக்குவது). நட்சத்திரப் படத்தைத் தனியாக, குறைவாகத் தூக்குங்கள். பிறகு மென்பொருளின் திரை (screen) முறையில் ஒன்றன்மேல் ஒன்று இடுங்கள். நட்சத்திரம் நீக்கும் மென்பொருளைப் பாவிப்பவர்கள் நடுப்பகுதியை மட்டும் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். அது சில வேளை நடு நட்சத்திரத்தை நெபுலாவின் முடிச்சு என்று விட்டுவிடும், சில வேளை முடிச்சை நட்சத்திரம் என்று எடுத்து ஓட்டை போட்டுவிடும். வளையத்தின் உள்ளே வேறொரு மங்கல் நட்சத்திரமும் உண்டு. சரி நடுவில் நிற்பதுதான் நீங்கள் தேடுவது.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. மிதுன மண்டலத்தில் உள்ள என்ஜிசி 2392 (என்ஜிசி ஒரு வான்பொருள் பட்டியல்) படத்தில் நட்சத்திரமும் நெபுலாவும் ஒரே வெள்ளைப் பொட்டாகிவிட்டன. 180 செக்கன் வீதம் 40 படங்கள், ஒட்சிசன்-3.
– வாசகி, மாங்குளம்

பதில்: 180 செக்கன் இதற்கு மிக அதிகம். இந்த நெபுலா சிறியது, ஒரு கலையிலும் (60 விகலை) குறைவு. ஒளி எல்லாம் சிறு இடத்தில் நெருங்கிக் கிடக்கிறது. நடு நட்சத்திரம் 10.5 ஒளிப்பருமன், எம் 57இன் நட்சத்திரத்தைவிட நூறு மடங்குக்கு மேல் ஒளி கூடியது.

ஒட்சிசன்-3இல் 10 செக்கனில் தொடங்குங்கள். ஒரு படத்தைத் திறந்து உள்வட்டத்தின் உச்ச எண்ணைப் பாருங்கள். 16 பிட் கோப்பில் உச்சம் 65,535. உங்கள் எண் 45,000க்குக் கீழே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் 5 செக்கனுக்கு இறங்குங்கள், கமராவின் கெயினையும் (சைகையைப் பெருக்கும் அளவு) குறையுங்கள். குறைந்த கெயினில் ஒவ்வொரு பிக்சலும் கூடுதல் ஒளியைத் தாங்கும். 200 முதல் 300 படங்கள் தேவைப்படும். வெளி உறை மங்கலானது, அதற்கென 60 செக்கன் படங்கள் 60 தனியாக எடுத்து, நடுப்பகுதிக்கு மறைப்பு இட்டுச் சேர்க்கலாம். நட்சத்திரத்துக்கு நீல வடிகட்டியில் 2 செக்கன் போதும்.

அளவையும் பாருங்கள். ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்பதை அறிய, பிக்சல் அளவை மைக்கிரோமீற்றரில் எடுத்து 206 ஆல் பெருக்கி, குவியத் தூரத்தை மில்லிமீற்றரில் எடுத்து வகுக்க வேண்டும். 3.76 மைக்கிரோமீற்றர் பிக்சலும் 750 மில்லிமீற்றர் குவியத் தூரமும் என்றால் ஒரு பிக்சலுக்கு 1.03 விகலை. அதில் இந்த நெபுலா ஐம்பது பிக்சல்கூட வராது. குவியத் தூரத்தைக் கூட்டும் 2 மடங்கு பார்லோ வில்லை போடுங்கள். அதே கணக்கில் எம் 27 நெபுலா சுமார் 470 பிக்சல் நீளம் வரும், அதற்குப் பார்லோ வேண்டாம். கும்பத்தில் உள்ள என்ஜிசி 7293 சந்திரனின் பாதிக்கு மேல் அகலம். அதைக் குறுகிய குவியத் தூரத்தில்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: என்ஜிசி 1514ஐ எடுத்தபோது நட்சத்திரத்தைச் சுற்றி, நடுவில் ஓட்டையோடு அழகான வட்டம் வந்தது. நெபுலாதானே என்று மகிழ்ந்தேன். ஆனால் பக்கத்தில் உள்ள இன்னொரு நட்சத்திரத்துக்கும் அதே வட்டம். எது உண்மை?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: பக்கத்து நட்சத்திரத்தைக் கவனித்தது மிகச் சரி. இரண்டுக்கும் ஒரே அளவு வட்டம் என்றால் அது எதிரொளி. வானத்தில் இல்லை, உங்கள் குழாய்க்குள் இருக்கிறது.

கமராச் சில்லில் (ஒளியை உணரும் தகடு) பட்ட ஒளியில் கொஞ்சம் திரும்பி மேலே போய், வடிகட்டியிலோ சில்லின் கண்ணாடி மூடியிலோ தெறித்து மீண்டும் இறங்குகிறது. அது கூடுதல் தூரம் பயணித்ததால் குவியம் தப்பிவிடும். தெறிப்புத் தொலைகாட்டியில் குவியம் தப்பிய நட்சத்திரம் எப்படி இருக்கும்? இரண்டாம் ஆடியின் நிழலால் நடுவில் ஓட்டையுள்ள வட்டமாக. பார்த்தால் அச்சு அசல் வளைய நெபுலா. இந்த இடத்தில் ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

வட்டத்தின் அளவைக் கணக்கிட்டால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இரு தெறிக்கும் பரப்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தை இரண்டால் பெருக்கி, தொலைகாட்டியின் குவிய விகிதத்தால் (குவியத் தூரத்தை வாயின் விட்டத்தால் வகுத்தது) வகுக்க வேண்டும். விகிதம் 5 என்று கொள்வோம். வடிகட்டி சில்லிலிருந்து 20 மில்லிமீற்றரில் இருந்தால் வட்டம் 8 மில்லிமீற்றர், சட்டத்தில் பெரிய இடத்தைப் பிடிக்கும் மங்கல் தட்டு. சில்லின் மூடி 1 மில்லிமீற்றர் மேலே இருந்தால் வட்டம் 0.4 மில்லிமீற்றர், அதாவது 3.76 மைக்கிரோமீற்றர் பிக்சலில் சுமார் 106 பிக்சல். வடிகட்டிக் கண்ணாடியின் இரு முகங்களுக்கிடையே தெறித்தால், 2 மில்லிமீற்றர் தடிப்பை 1.5 என்ற முறிவுச் சுட்டியால் வகுத்து அதே கணக்கைப் போடுங்கள்: சுமார் 142 பிக்சல். 750 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில் இந்த இரண்டும் 110 முதல் 147 விகலை. என்ஜிசி 1514இன் அகலமும் சுமார் 2 கலைதான். அளவு பொருந்தியதால்தான் உங்களுக்குக் குழப்பம்.

மூன்று சோதனைகள் செய்யுங்கள். நட்சத்திரத்தைச் சட்டத்தின் ஓரத்துக்கு நகர்த்துங்கள்: எதிரொளி வட்டம் நட்சத்திரத்திலிருந்து சற்று விலகும், நெபுலா விலகாது. வடிகட்டியைப் புரட்டிப் போடுங்கள்: பளபளப்பான முகம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது பல வடிகட்டிகளுக்குப் பொருந்தும், புரட்டினால் வட்டம் மாறும். கடைசியாக ஒட்சிசன்-3 படத்தையும், கோடில்லாத பச்சைப் படத்தையும் ஒப்பிடுங்கள். பச்சைப் படத்தை, சுற்றியுள்ள சாதாரண நட்சத்திரங்கள் மறையும் அளவுக்குப் பெருக்கி, ஒட்சிசன் படத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது வாயு.

நீங்கள் தேர்ந்த பொருள் வரலாறு உள்ளது. 1790 நவம்பர் 13 அன்று வில்லியம் ஹேர்ஷல் இதைத்தான் பார்த்தார். அதற்கு முன்பு, எல்லா நெபுலாக்களும் பிரித்துப் பார்க்க முடியாத நட்சத்திரக் கூட்டங்களே என்று எண்ணியிருந்தார். நடுவில் ஒரே ஒரு நட்சத்திரம், சுற்றிலும் சீரான ஒளி. இது நட்சத்திரக் கூட்டமாக இருக்க முடியாது, ஒளிரும் ஏதோ ஒரு பாய்பொருள் என்று முடிவுக்கு வந்தார். 1864இல் வில்லியம் ஹக்கின்ஸ் டிராக்கோ மண்டலத்து என்ஜிசி 6543இன் நிறமாலையில் தனிக் கோடுகளைக் கண்டபோது அது வாயு என்பது உறுதியாயிற்று. அந்தப் பச்சைக் கோடுகள் எந்த மூலகத்துடையவை என்று தெரியாமல் 'நெபூலியம்' என்று ஒரு புது மூலகத்தையே கற்பனை செய்தார்கள். 1927இல் ஐரா போவன்தான் அவை இரு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனுடையவை என்று காட்டினார். உங்கள் கையில் இருக்கும் ஒட்சிசன்-3 வடிகட்டி அந்தக் கோடுகளுக்காகவே செய்யப்பட்டது.

கேள்வி: ஒரே ஒரு வடிகட்டிதான் வாங்க முடியும். என்னிடம் மாற்றம் செய்யாத சாதாரண டிஎஸ்எல்ஆர் கமரா. 3 நானோமீற்றர்தான் சிறந்தது என்கிறார்கள்.
– வாசகர், கிளிநொச்சி

பதில்: உங்கள் கமராவுக்கு ஒட்சிசன்தான் கைகொடுக்கும். சாதாரண டிஎஸ்எல்ஆரின் உள்ளே உள்ள அகச்சிவப்புத் தடுப்பு, ஐதரசன்-அல்பாவில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கை வெட்டிவிடும். மிஞ்சியதும் சிவப்புப் பிக்சலில் மட்டுமே விழும், அது நாலு பிக்சலுக்கு ஒன்று. ஒட்சிசனின் 500.7 பச்சையிலும் நீலத்திலும் விழுகிறது, நாலுக்கு மூன்று. கோள்வடிவ நெபுலாக்கள் பெரும்பாலானவற்றில் ஒட்சிசன் பலமாக இருப்பதும் உங்கள் அதிர்ஷ்டம்.

ஆகவே இரண்டு கோடுகளையும் விடும் இரட்டைப்பட்டை வடிகட்டி ஒன்று, 7 நானோமீற்றர் அளவில் வாங்குங்கள். 3 நானோமீற்றர் வேண்டாம். விலைக்காக மட்டும் சொல்லவில்லை. 656.3ஐ நடுவாகக் கொண்ட 3 நானோமீற்றர் வடிகட்டி 657.8இல் மூடிவிடும். 658.4இல் உள்ள நைதரசன் வெளியே நின்றுவிடும். பல கோள்வடிவ நெபுலாக்களின் வெளி விளிம்பில் ஐதரசனைவிட அந்த நைதரசன்தான் ஓங்கியிருக்கிறது. நைதரசனைத் தனியாகப் பிரித்து எடுக்க விரும்புபவர்களுக்கு 3 நல்லது. ஒரே வடிகட்டி வைத்திருப்பவருக்கு 7 இரண்டையும் சேர்த்துத் தரும். வன்னியின் இருட்டுக்கு 7 தாராளம். நகர நடுவில், எல்ஈடி வீதி விளக்குக்குக் கீழே இருப்பவர்தான் குறுகியதைத் தேட வேண்டும்.

வடிகட்டி மாற்றும்போதெல்லாம் குவியத்தையும் மாற்றுங்கள். ஒட்சிசனில் சரியான குவியம் அல்பாவில் சரியாக இருக்கும் என்று நம்ப வேண்டாம், குறிப்பாக வில்லைத் தொலைகாட்டிகளில். பாட்டினோவ் மறைப்பை (குவியம் பார்க்கக் குழாயின் வாயில் மாட்டும், கோடுகள் வெட்டிய தட்டு) வடிகட்டியோடு சேர்த்து ஒரு பிரகாசமான நட்சத்திரத்தில் வைத்து, 10 செக்கன் எடுத்துப் பாருங்கள். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரி நடுவில் வர வேண்டும்.

கேள்வி: துருவ நட்சத்திரம் பனைமரங்களுக்குப் பின்னால். மவுண்டின் (தொலைகாட்டியைத் தாங்கித் திருப்பும் கருவி) எதிர்ப்பாரமும் முக்காலியில் இடிக்கிறது.
– வாசகர், முழங்காவில்

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நாம் நிற்பது வட அகலக்கோடு 9 பாகைக்கு அருகில். மவுண்டின் துருவ அச்சு கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது, எதிர்ப்பாரக் கம்பி நேரே கீழே தொங்குகிறது. வழக்கம்போல ஒரு காலை வடக்கே வைத்தால் கம்பி அந்தக் காலில்தான் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, இரு கால்கள் வடக்கேயும் ஒன்று தெற்கேயும் வருமாறு வையுங்கள். பாரமும் இரு கால்களுக்கு நடுவில் தாங்கும். திசைத் திருகு பிடிக்கும் முளை மாற்ற முடியாத இடத்தில் இருந்தால், முக்காலிக்கும் மவுண்டுக்கும் இடையே ஒரு நீட்டுக்குழாய் போடுங்கள்.

துருவ நட்சத்திரம் தெரியாவிட்டால் நகர்வு முறை. நண்பகற்கோட்டுக்கு (வடக்குத் தெற்காகத் தலைக்கு மேல் போகும் கோடு) அருகில், வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் போகும் கோடு) ஒட்டிய ஒரு நட்சத்திரத்தை எடுங்கள். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தப்பியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. திருத்திய பின் கிழக்கில் 25 பாகை உயரத்தில் இன்னொன்று. தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்வு, வடக்கே நகர்ந்தால் உயர்வு. ஐந்து நிமிடத்தில் அசைவு தெரியாத வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கணினியோடு வேலை செய்பவர்கள், படத்தை வான வரைபடத்தோடு ஒப்பிட்டு அச்சுப் பிழையைச் சொல்லும் மென்பொருளைப் பாவிக்கலாம். அதற்குத் துருவ நட்சத்திரம் தேவையில்லை.

கேள்வி: குளக்கட்டுக்கு அருகில் எடுக்கிறோம். இரவு ஒரு மணிக்குப் பிறகு எல்லா நட்சத்திரமும் பஞ்சுபோல ஆகிறது. உழவு இயந்திரப் பற்றரியும் விடியும் முன் இறங்கிவிடுகிறது.
– இரு நண்பர்கள், மல்லாவி

பதில்: பஞ்சாவது பனியால். ஈரக் காற்று குளத்திலிருந்து வருகிறது. குளத்துக்கு மேலாக வரும் காற்று உங்களைத் தொடாத பக்கமாக, கட்டிலிருந்து சில நூறு மீற்றர் தள்ளிப் போனாலே வித்தியாசம் தெரியும். குழாயின் வாய்க்கு, வாயின் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத்தில் கறுப்புத் தாளால் மூக்குக் குழாய் செய்து மாட்டுங்கள். தெறிப்புத் தொலைகாட்டியில் முதலில் பனிப்பது இரண்டாம் ஆடி, அதன் பின்புறம் 12 வோல்ட் சூடேற்றிப் பட்டி ஒட்டுங்கள். பனித்த ஆடியைத் துணியால் துடைக்கவே வேண்டாம்.

குளிரூட்டும் கமராவில் வேறோர் இடமும் பனிக்கும்: சில்லின் மூடி. இரவு 27 பாகை வெப்பத்தில் மைனஸ் 10 வரை இழுத்தால் கமரா முழு வலுவில் ஓடிக்கொண்டே இருக்கும், வெப்பநிலையும் ஏறி இறங்கும். மைனஸ் 5 அல்லது 0 போதும். டார்க் படங்களும் (ஒளி புகாமல் மூடி எடுப்பவை) அதே வெப்பநிலையில், அதே செக்கனில். நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம் இரவு செல்லச் செல்லப் பெரிதானால் கமராவின் உள்ளே உள்ள ஈரமுறிஞ்சி மணி தீர்ந்துவிட்டது. எடுத்து, தயாரிப்பாளர் சொன்ன வெப்பத்தில் உலர்த்திப் போடுங்கள்.

பற்றரிக் கணக்கு எளிது. கமரா 2.5 அம்பியர், மவுண்ட் 1, சூடேற்றி 1. மொத்தம் 4.5. எட்டு மணித்தியாலத்துக்கு 36 அம்பியர்-மணி. ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குமேல் இறக்கக்கூடாது, ஆகவே குறைந்தது 80, வசதியாக 100 அம்பியர்-மணி தேவை. உழவு இயந்திரப் பற்றரி இயந்திரத்தைக் கிளப்பச் செய்யப்பட்டது, அடிக்கடி ஆழமாக இறக்கினால் தட்டுகள் கெட்டுவிடும். சூரிய மின் தொகுதிக்கு விற்கும் பற்றரிதான் பொருத்தம். வயரையும் தடிப்பாகப் போடுங்கள். மெல்லிய, நீண்ட வயரில் வோல்ட் விழுந்தால் மவுண்ட் காரணம் தெரியாமல் நின்றுவிடும்.

கேள்வி: எந்த மாதத்தில் எதை எடுப்பது? எங்கே போவது?
– வாசகர், வவுனியா

பதில்: மாரி மழையும் வாடைக்காற்றும் ஓய்ந்த பிறகு, பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் நன்றாக இருக்கும். முன்னிரவில் என்ஜிசி 2392, பிறகு ஐதரா மண்டலத்தின் என்ஜிசி 3242. வேலா மண்டலத்தின் என்ஜிசி 3132 நமக்கு 40 பாகை உயரம் வருகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது தொடுவானத்தைத் தாண்டுவதே பாடு. அதை எடுப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள்: நடுவில் பளிச்சென்று தெரியும் 10ஆம் ஒளிப்பருமன் நட்சத்திரம் இந்த நெபுலாவை உண்டாக்கியது அல்ல. அதன் ஒட்டில் இருக்கும் மிக மங்கலான துணையே உண்மையான கரு. ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் முதற்படங்கள் 2022 ஜூலையில் வெளிவந்தபோது அவற்றில் இதுவும் ஒன்று. அறுவடைக்குப் பிறகு வைக்கோல் எரிக்கும் நாட்களில் புகை தாழ்வாகத் தங்கும், தெற்கே தாழ்வாக உள்ளவற்றை அப்போது விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சோளகம் புழுதியோடு அடிக்கும், ஆனாலும் இடையிடையே நல்ல இரவுகள் வரும். எம் 57 நண்பகற்கோட்டில் 66 பாகை, எம் 27 கிட்டத்தட்டத் தலைக்கு மேல். 1764இல் மெசியே கண்ட எம் 27தான் மனிதர் முதலில் கண்ட கோள்வடிவ நெபுலா. செப்டெம்பரில் என்ஜிசி 7293, 60 பாகை உயரம். கறுப்பு வெள்ளைக் கமராவும் இரு வடிகட்டிகளும் உள்ளவர் அந்த மாதத்தை வேறு எதற்கும் செலவிடக்கூடாது என்பது எங்கள் எண்ணம்.

இடம் என்றால் தெரிந்த வளவு, தெரிந்த வயல், பாடசாலை மைதானம். இருட்டு வேண்டும் என்பதற்காகப் பழக்கமில்லாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் பகலிலும் வேண்டாம். காட்டோரக் குளங்களில் யானை வரும் வழியைப் பகலில் ஊராரிடம் கேட்டு வையுங்கள். தனியாகப் போகாதீர்கள். விரியனுக்காக முழுச் சப்பாத்தும், கையில் சிவப்பு விளக்கும். முல்லைத்தீவுக் கடற்கரையில் எடுப்பவர்கள் ஆடியில் உப்பு படியும் என்பதால் வேலை முடிந்த உடனே மூடுங்கள்.

கேள்வி: வடிகட்டிகளுக்குப் பிளாட் படம் (சீரான ஒளியில் எடுக்கும் திருத்தப் படம்) எப்போது எடுப்பது? வானம் கெதியாக இருண்டுவிடுகிறது.
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நம் அகலக்கோட்டில் அந்திவெளிச்சம் குறுகியது, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ஆகவே ஒழுங்கு முக்கியம். மாலையில் குறுகிய வடிகட்டிகளை முதலில் எடுங்கள், அவற்றுக்கு நிறைய ஒளி வேண்டும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம். கடைசியில் எல். விடியலில் இதற்குத் தலைகீழ். ஒவ்வொன்றிலும் 20 படங்கள், சராசரி எண் 25,000 அளவில்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் 150 மில்லிமீற்றர் டொப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் தெறிப்புத் தொலைகாட்டி) மட்டும் உண்டு. மோட்டார் இல்லை. ஒரு ஒட்சிசன்-3 வடிகட்டி அன்பளிப்பாகக் கிடைத்தது. நாங்கள் என்ன செய்யலாம்?
– உயர்தர மாணவி, துணுக்காய்

பதில்: படம் எடுக்க வேண்டாம், தங்கச்சி. மோட்டார் இல்லாமல் எம் 57 ஒரு செக்கனுக்கு 12 விகலைக்கு மேல் ஓடும், கோடாகத்தான் வரும். ஆனால் மேலே முதற் கேள்விக்குச் சொன்ன பௌதிகத்தை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அதைக் கமராக்காரர்கள் பலர் பார்த்ததே இல்லை.

வடிகட்டியைக் கண்வில்லையில் திருகாமல், விளிம்பில் மட்டும் பிடித்து, கண்ணுக்கும் கண்வில்லைக்கும் இடையே கொண்டுவந்து எடுத்து, கொண்டுவந்து எடுத்துப் பாருங்கள். ஜூனில் யாழ் மண்டலத்தின் கீழ் விளிம்பில் உள்ள இரு நட்சத்திரங்களுக்கு நடுவே எம் 57ஐ வையுங்கள். வடிகட்டி வரும்போது சுற்றியுள்ள நட்சத்திரங்கள் மங்கி ஒடுங்கும், வளையம் மட்டும் நின்றபடி நிற்கும்.

பெப்ரவரியில் இதைவிட நல்லது ஒன்று உண்டு. மிதுனத்தின் டெல்டா நட்சத்திரத்திலிருந்து கிழக்கே, சற்றுத் தெற்கே, இரண்டரைப் பாகை. 40 மடங்கில் இரட்டை நட்சத்திரம் போல இரண்டு புள்ளிகள் தெரியும். 100 மடங்குக்கு ஏற்றினால் தெற்கே உள்ளது கொஞ்சம் புகைமூட்டமாக இருக்கும். அதுதான் என்ஜிசி 2392. வடிகட்டியைக் கொண்டுவாருங்கள்: வடக்கே உள்ள சாதாரண நட்சத்திரம் சட்டென்று மங்கும், தெற்கே உள்ளது சிறு தட்டாக ஓங்கும். எடுத்துவிட்டால் தட்டின் நடுவில் நட்சத்திரம் குத்திட்டு நிற்கும். ஒருவர் பார்க்கும்போது இன்னொருவர் குழாயை மெதுவாகத் தள்ளிக் கொடுங்கள். 100 மடங்கில் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை போதும்.